சின்னவளின் போமும் என் கையெழுத்தும்

நெடுந்தீவு கிழக்கு
ஆனி 9, செவ்வாய்க்கிழமை

அன்பு மகன் டிலானுக்கு அப்பா எழுதிக்கொள்வது.

மாதாவின் காவலில் இங்கே நாங்கள் மூன்று பேரும் எழும்பி நடமாடிக்கொண்டு இருக்கிறோம், நீயும் அந்த வெயில் நாட்டில் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதே எங்கள் மன்றாட்டு. கொம்மாவுக்கு முழங்கால் நோ இன்னும் மாறவில்லை, ஆனால் கோயிலுக்குப் போகிற நேரம் அந்த நோ வருவதில்லை, கிணற்றடிக்குப் போகச் சொன்னால்தான் வருகிறது. சோளகக் காற்று தொடங்கிவிட்டது. போன கிழமை இரண்டு நாள் படகு ஓடவில்லை, மரக்கறியும் வரவில்லை, மருந்தும் வரவில்லை, ஆனால் ரியூசன் நோட்டீஸ் மட்டும் எப்படியோ வந்து சேர்ந்தது. சிவத்தப் பசு கன்று போட்டிருக்கிறது, ஆண் கன்று, நாம்பன். மேய்ச்சல் நிலம் முழுக்கக் காய்ந்து கிடக்கிறது, மழைக்கு இன்னும் நாள் இருக்கிறது.

வட்சப்பில் கதைக்கிறதை விட்டுவிட்டு இந்த மனுசன் ஏன் கடதாசியும் பேனையும் எடுத்தார் என்று நீ யோசிப்பாய். போன் இருப்பது உன் தங்கச்சியின் கையில். நான் கதைத்தால் சத்தத்தைக் கூட்டிவிட்டுப் பக்கத்தில் நிற்பாள், தள்ளிப்போய்க் கதைத்தால் பிறகு அதை எடுத்துத் திருப்பிப் போட்டுக் கேட்பாளோ என்று எனக்கு ஐமிச்சம். அதில் அப்படி ஒரு வசதி இல்லை என்று சத்தியம் பண்ணுகிறாள், இல்லாத ஒன்றுக்கு ஏன் சத்தியம். அதனால்தான் மாட்டுக் கொட்டிலுக்குள் வாளியைக் கவிழ்த்துவைத்து அதில் இருந்து எழுதுகிறேன். புங்குடுதீவுப் பொடியன் ஒருத்தன் ஞாயிற்றுக்கிழமை டோகாவுக்கு வருகிறானாம், குறிகாட்டுவான் இறங்குதுறைக்குப் போய் அவன் கையிலேயே இதைக் குடுத்துவிடப் போகிறேன். நல்ல பொடியன் மாதிரித்தான் தெரிகிறது, இருந்தாலும் உறையை ஒட்டின இடத்துக்கு மேலே குறுக்காக என் பெயரை எழுதிவிடுவேன். எழுத்து நடுவில் விலகியிருந்தால் எனக்குச் சொல்லு.

விசயம் சின்னவளைப் பற்றியது. கம்சாயினி உயர்தரத்துக்குப் போன கதை உனக்குத் தெரியும், ஆனால் அவள் உனக்கு எவ்வளவு சொன்னாள், எவ்வளவு சொல்லாமல் விட்டாள் என்று எனக்குத் தெரியாது, அதனால் முதலில் இருந்து சொல்கிறேன். இப்போது பள்ளிக்கூடத்தில் புதிதாக ஒன்று கொண்டுவந்திருக்கிறார்கள். திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் வகுப்பு, வியாழனும் வெள்ளியும் தொழில். பிள்ளை பள்ளிக்கூடப் பிள்ளைதான், ஆனால் அந்த இரண்டு நாளும் ஒரு கம்பனியில் பயிலுநராகப் போய் வேலை பழக வேண்டும், அதற்கு மாதா மாதம் கம்பனி சம்பளமும் தரும். இரண்டு வருசம் முடிய உயர்தரச் சோதனையும் எழுதலாம், தொழில் சேட்டிபிக்கற்றும் கிடைக்கும் என்கிறார்கள். இவள் போவது கிணற்று உப்புத் தண்ணீரை நல்ல தண்ணீர் ஆக்கி ஊருக்குக் குடுக்கிற நிலையத்துக்கு, கடற்கரைப் பக்கமாகப் புதிதாக ஒரு கம்பனி வந்து போட்டிருக்கிறது. முதல் மூன்று மாதம் பழகிப் பார்க்கிற காலம். அது முடிய அப்பனோ அம்மாவோ சம்மதப் போமில் கையெழுத்து வைத்தால்தான் மிச்சக் காலத்துக்கு எடுப்பார்கள். மூன்று மாதம் முடிந்துவிட்டது. போம் என் ரங்குப் பெட்டிக்குள் கிடக்கிறது. நான் வைக்கவில்லை.

நீயே யோசித்துப் பார். படிக்கிற பிள்ளைக்குக் காசு குடுக்கிற கம்பனியை நீ எங்கேயாவது கண்டிருக்கிறாயா. நாங்கள் காசு கட்டித்தான் பிள்ளைகளைப் படிப்பித்தோம், இவர்கள் படிப்பையும் தந்து காசும் தருகிறார்களாம். அதோடு விட்டார்களா, முதல் கிழமையே சப்பாத்து குடுத்தார்கள், கையுறை குடுத்தார்கள், தலைக்குத் தொப்பி குடுத்தார்கள். கம்சாயினி அந்தச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வீட்டு முற்றத்தில் மேலும் கீழும் நடந்தாள், கொம்மா பார்த்துப் பார்த்துச் சிரித்தாள், நான் அந்தச் சப்பாத்துக்கு எவ்வளவு முடிந்திருக்கும் என்று கணக்குப் பார்த்தேன். திட்டத்தை வீட்டுக்கு வந்து சொன்னது நிமலினி ரீச்சர். அவ நல்ல ரீச்சர்தான், ஆனால் ஒரு பிள்ளைக்காக இவ்வளவு தூரம் சைக்கிள் மிதித்து வந்து, தேத்தண்ணி கூடக் குடிக்காமல் ஒரு மணித்தியாலம் விளங்கப்படுத்தினால் அதற்குள் ஏதோ இருக்கிறது என்றுதானே நினைக்கத் தோன்றும். உங்களுக்கு இதில என்ன கிடைக்கும் ரீச்சர் என்று நேரேயே கேட்டுவிட்டேன். எனக்கு ஒண்டும் கிடைக்காது, பிள்ளைக்குக் கணக்கு நல்லா ஓடுது, கையும் ஓடுது, அதுக்குத்தான் வந்தனான் என்று சொன்னா. கொம்மா என்னைப் பார்த்த பார்வையை நீ கண்டிருக்க வேண்டும், இரண்டு நாள் எனக்குக் குழம்பில் உப்பே இல்லை.

அதற்குப் பிறகு நான் சும்மா இருக்கவில்லை. மூன்று வியாழக்கிழமை மாடு தேடுகிற சாட்டில் அந்தப் பக்கம் போனேன். நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கல்மதில் பாதி இடிந்து நிற்கிறது, அதற்குப் பின்னால் நின்றால் உள்ளே நடப்பது தெரியும். இவளைக் கூட்டுமாற்றோடு நிற்க விட்டிருப்பார்கள், தேத்தண்ணி ஊற்ற விட்டிருப்பார்கள், அதைக் கையும் மெய்யுமாகப் பிடிக்கலாம் என்று நினைத்துத்தான் போனேன். முதல் இரண்டு நாளும் இவள் ஒரு கொப்பியோடு குழாய்க்குக் குழாய் நடந்தாள், சின்ன மீற்றர் ஒன்றைத் தண்ணீருக்குள் விட்டு உப்பு எவ்வளவு என்று பார்த்து எழுதினாள். மூன்றாம் நாள் மோட்டர் ஒன்றைக் கழற்றி நிலத்தில் பரப்பியிருந்தார்கள், இவளும் முழங்கை வரைக்கும் கிறீஸ். அங்கே பொறுப்பாக இருப்பவன் ஜெகதீஸ் என்று வவுனியாப் பக்கத்துப் பொடியன். அவன் மதிலைத் தாண்டி வந்து, ஐயா மூண்டு கிழமையா உங்கட மாடு இஞ்சதான் துலையுது, உள்ளுக்கு வந்து தேடுங்கோ என்று சொன்னான். நான் மாடு தேடித்தான் வந்தேன் என்று கடைசி வரைக்கும் விட்டுக்குடுக்கவில்லை. ஒரு கிளாஸ் தண்ணீர் தந்தான். துளி உப்பும் இல்லை. இந்தத் தீவில் ஐம்பத்தெட்டு வருசம் இருந்த என் நாக்குக்கு அது தண்ணீர் மாதிரியே இருக்கவில்லை, என்ன கலக்கிறார்களோ என்று யோசித்துக்கொண்டுதான் வந்தேன்.

சந்தேகப்பட்டது வீண் போகவில்லை, அதையும் சொல்ல வேண்டும். போன மாதம் ஒரு திங்கட்கிழமை இவள் பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. வெள்ளைச் சட்டையோடு வெளிக்கிட்டுப் போனவள் மத்தியானம் நிலையத்தில் நிற்கிறாள் என்று எனக்குக் கடையடியில் தெரியவந்தது. அப்பவே நினைத்தேன், இதுதான் தொடக்கம், இன்றைக்குத் திங்கள், நாளைக்குச் செவ்வாய், தை பிறக்கிறதுக்குள் பள்ளிக்கூடம் என்ற சொல்லே இருக்காது. விறுவிறு என்று போய்ச் சத்தம் போட்டேன். ஜெகதீஸ் மறுக்கவில்லை. காத்து அடிச்சுப் படகு ஓடாததால வேலைக்காரர் வரேல்லை, ஊருக்குத் தண்ணி நிண்டு போகும் எண்டு பயத்தில நான்தான் பிள்ளையைக் கூப்பிட்டனான், அது என்ர பிழை, இனி அப்பிடி நடவாது என்று சொல்லி, அதிபருக்கு எழுதின மன்னிப்புக் கடிதத்தையும் எடுத்துக் காட்டினான். கொம்மா இதைக் கேட்டுவிட்டு, பாருங்கோ நல்ல பொடியன் என்றாள். எனக்கு அது இன்னும் பயத்தைத் தந்தது. பிழை செய்துவிட்டு எதிர்த்துக் கதைக்கிறவனோடு எனக்குச் சண்டை பிடிக்கத் தெரியும், உடனே மன்னிப்புக் கேட்கிறவனை என்ன செய்கிறது என்று தெரியவில்லை.

பிறகு போம் வந்தது. தமிழில்தான் இருக்கிறது, எழுத்து எள்ளுப் போல, எனக்குக் கண்ணாடி போட்டாலும் ஏலாது. சின்னவளை வாசிக்கச் சொன்னேன். பதினொரு விதி. பள்ளிக்கூட நாளில் பிள்ளையை வேலைக்குக் கூப்பிடக் கூடாது, தனியே மிசினில் விடக் கூடாது, காயம் பட்டால் செலவு கம்பனியுடையது, சம்பளம் பிள்ளையின் பெயரில் வங்கிக்குத்தான் போக வேண்டும், பெற்றார் விரும்பினால் எந்த நேரமும் ஒரு கடிதம் எழுதிப் பிள்ளையை எடுத்துக்கொள்ளலாம். இந்தக் கடைசி விதியில்தான் எனக்கு நித்திரை போனது. கட்டிப்போடாமல் தீனி வைக்கிற ஆளை நான் கண்டதில்லை. மூன்று தரம் வாசிக்கச் சொன்னேன், மூன்று தரமும் ஒரே மாதிரித்தான் வாசித்தாள். ஆனால் ஆசைப்படுகிற பிள்ளை தனக்கு வேண்டியதைச் சேர்த்து வாசிக்கலாம், வேண்டாததை விட்டுவிட்டும் வாசிக்கலாம். அதனால் மற்ற நாள் அவள் பள்ளிக்கூடம் போனபிறகு போமைச் சேட்டுக்குள் வைத்துக்கொண்டு தபால் கந்தோருக்குப் போய், அங்கே வேலை செய்கிற கிருசாந்தியிடம் வாசிப்பித்தேன். ஒரு சொல்லும் மாறவில்லை.

இது பின்னேரத்துக்குள் சின்னவளின் காதுக்குப் போய்விட்டது. இந்தத் தீவில் வாகனம் குறைவு, ஆனால் கதைக்கு வாகனம் தேவையில்லை. அவள் அழவில்லை, சத்தம் போடவும் இல்லை. கம்பனியை நம்பாட்டிப் பரவாயில்லை அப்பா, நான் வாசிச்சதையும் நம்பாமல் ஊரில குடுத்து வாசிப்பிச்சிருக்கிறியள் என்றாள். அவ்வளவுதான். இன்றைக்கு ஏழாம் நாள், என்னோடு கதை இல்லை. தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைப்பாள், போவாள். கொம்மாவிடம் சொன்னாளாம், ஆடி முடியிறதுக்குள்ள கையெழுத்து வராட்டி அந்த இடத்தை வேற பிள்ளைக்குக் குடுத்திடுவினம், பள்ளிக்கூடத்திலயும் வேற பாடத்துக்கு மாற நேரம் போயிட்டுது, பிறகு நான் வீட்டில இருக்க வேண்டியதுதான் என்று. வெருட்டுகிறாளோ என்று நினைத்து ரீச்சரிடம் விசாரித்தேன். வெருட்டு இல்லை, உண்மை.

நேற்று நான் கொம்மாவிடம் என் பக்கத்து நியாயத்தைச் சொல்லிக்கொண்டு இருந்தேன். கம்பனிக்காரன் ஏன் சப்பாத்து குடுக்கிறான், ஏன் மன்னிப்புக் கேட்கிறான், ஏன் எந்த நேரமும் போகலாம் என்கிறான் என்று அடுக்கினேன். அவள் மீன் வெட்டிக்கொண்டு இருந்தவள் நிமிர்ந்து பார்க்காமல், நீங்கள் அண்டைக்கு மூத்தவனுக்காகக் கேட்டிருக்க வேண்டியதை எல்லாம் இண்டைக்குச் சின்னவளிட்டக் கேக்கிறியள் என்றாள். எழும்பி மாட்டுக் கொட்டிலுக்கு வந்துவிட்டேன். அதுக்குப் பிறகுதான் உனக்கு எழுத வேண்டும் என்று நினைத்தேன்.

மகனே, ஒன்பது வருசத்துக்கு முதல் அந்த ஏசென்சிக்காரன் எங்கள் வீட்டுக் கதிரையில் இருந்து சொன்னதும் இதே கதைதான். அரை நாள் ஹோட்டல் படிப்பு, அரை நாள் வேலை, சம்பளம், முடிவில் சேட்டிபிக்கற். உனக்குப் பதினேழு வயது. உன் முகத்தில் இருந்த சந்தோசம் எனக்கு இன்றைக்கும் தெரிகிறது. நான் அன்றைக்கு ஏன் ஒன்றும் கேட்கவில்லை என்று உனக்குச் சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன். எங்களுக்குத் தெரிந்த ஏற்பாடு ஒன்றுதான், மாட்டை வாரத்துக்கு விடுகிறது. என்னுடைய இளம் பசு, நாகு ஒன்றை இன்னொருவன் கொண்டுபோவான், மேய்ப்பான், பாலை அவன் எடுப்பான், கன்று போட்டால் ஒன்று அவனுக்கு ஒன்று எனக்கு. எழுத்தும் இல்லை சாட்சியும் இல்லை. குடுத்தபிறகு அவன் படலையில் போய் நின்று என் மாடு எப்படி இருக்கிறது, எங்கே கட்டுகிறாய், என்ன தீனி வைக்கிறாய் என்று கேட்டால் அது அவனைக் கள்ளன் என்று சொல்வதுக்குச் சமம், பிறகு ஆயுசுக்கும் முகம் பார்க்க மாட்டான். அந்த மனுசன் சொல்லச் சொல்ல எனக்கு இது வாரம் மாதிரித்தான் விளங்கியது. பிள்ளையை அவர்கள் பார்ப்பார்கள், சாப்பாடு குடுப்பார்கள், தொழில் பழக்குவார்கள், பலனில் பாதி எங்களுக்கு. கேள்வி கேட்டால் அவமதிப்பாகப் போய்விடும், உன்னை விட்டுவிட்டு வேறு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விடுவான் என்று பயந்தேன். போகிற இடத்தின் பெயரைக்கூடக் கேட்கவில்லை. அவன் விரல் வைத்துக் காட்டின மூன்று இடத்திலும் கையெழுத்து வைத்தேன், பிறகு கோழி அடித்துச் சாப்பாடும் குடுத்து அனுப்பினேன்.

டோகாவுக்குப் போக முதல், மலேசியாவில் அந்த இரண்டு வருசமும் என்ன நடந்தது என்று நீ சொல்லவில்லை. நல்லா இருக்கிறன் அப்பா என்று மட்டும் சொல்வாய். ஆனால் எனக்குத் தெரியும். உன்னோடு அங்கே நின்ற மிரோஜன் திரும்பி வந்த வருசம், இறங்குதுறையில் வைத்து என்னிடம் சொல்லிவிட்டான். வகுப்பு என்று நடந்தது ஒரு கிழமையாம், அதுவும் படம் எடுக்கிறதுக்காம். பாஸ்போட்டை முதலாளி வாங்கி வைத்தானாம். ஆறு மாதம் சம்பளத்தை நீ கண்ணால் காணவில்லையாம். வீட்டுக்குச் சொல்லாதே, அப்பா தாங்க மாட்டார் என்று நீ அவனிடம் கேட்டுக்கொண்டாயாம். அவன் சொன்னதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை, கொம்மாவுக்கும் சொல்லவில்லை, அவளுக்கு எப்படித் தெரியும் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. நாலு வருசத்துக்கு முதல் நீ பதினைந்து நாள் லீவில் வந்து நின்றாய். கிணற்றடியில் நீ குளிக்கும்போது உன் வலது கையில் முழங்கைக்கு மேலே சுட்ட தழும்பைக் கண்டேன். நீ உடனே துவாயைத் தோளில் போட்டாய். நானும் மாட்டைப் பார்க்கிற மாதிரித் திரும்பிக்கொண்டேன்.

ஆகவே உண்மை இதுதான். அந்தக் கம்பனியில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ரீச்சரில் இருக்கிறது, ஜெகதீசில் இருக்கிறது, அந்த உப்பில்லாத தண்ணீரில் கூட இருக்கிறது. ஆனால் பேனையை எடுத்தால் எனக்குப் பயம் வருவது என் கையெழுத்தை நினைத்துத்தான். ஒரு பிள்ளையை அது எங்கே கொண்டுபோய் விட்டது என்று எனக்குத் தெரியும். இரண்டாவது பிள்ளைக்கு அதை வைக்கவும் பயம், வைக்காமல் விட்டு அவளை வீட்டுக்குள் இருத்திவிடுவேனோ என்றும் பயம். ஒன்றும் கேட்காமல் உன்னைக் குடுத்தேன், கேட்கக் கூடாதவளிடம் எல்லாம் கேட்டு இவளை நோகப் பண்ணிப்போட்டேன். சரியான ஆளிடம் சரியானதைக் கேட்கிறது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை மகனே, உனக்குத் தெரியும்.

அதனால் நீ எனக்கு ஒரு உதவி செய்ய வேண்டும். அன்றைக்கு அந்த மனுசனிடம் நான் என்ன என்ன கேட்டிருக்க வேண்டும் என்று எழுது. எதைக் கேட்டிருந்தால் அவன் முகம் மாறியிருக்கும், எதைக் காட்டச் சொன்னால் அவன் கதிரையை விட்டு எழும்பிப் போயிருப்பான் என்று நீதான் அனுபவித்து அறிந்தவன். அப்பாவின் மனம் நோகும் என்று ஒன்றையும் குறைக்காதே. நீ எழுதுவதை எடுத்துக்கொண்டு நான் மதிலுக்குப் பின்னால் நிற்காமல் வாசலால் போய், சின்னவளையும் பக்கத்தில் இருத்திவைத்து, ஜெகதீசிடமும் அவனுக்கு மேலே உள்ளவர்களிடமும் ஒவ்வொன்றாகக் கேட்பேன். எல்லாவற்றுக்கும் முகம் பார்த்துப் பதில் சொன்னார்கள் என்றால் அங்கேயே, அவள் கண் முன்னால் கையெழுத்து வைப்பேன். ஒன்றுக்காவது மழுப்பினால் வைக்க மாட்டேன், அதையும் அவள் தன் கண்ணாலேயே காணட்டும், பிறகு என்னில் கோபித்துக்கொண்டு இருந்தாலும் இருக்கட்டும். இதை முதலே அவளுக்குச் சொல்லலாம் என்றுதான் இருக்கிறேன், தேத்தண்ணி கொண்டுவரும்போது நிற்கிறாள் இல்லை.

நேரத்துக்குச் சாப்பிடு, வெயிலில் தலையை மூடிக்கொள், சனிக்கிழமையில் பூசைக்குப் போக வசதி இருந்தால் போ. கொம்மா உனக்குப் புழுக்கொடியலும் கருவாடும் இதே பொடியனிடம் குடுத்துவிடுகிறாள், எண்ணிப் பார்த்து எடு, நான் எண்ணித்தான் கட்டினேன். பதில் ஆடி மாதம் இருபதாம் திகதிக்கு முதல் என் கையில் கிடைக்க வேண்டும், அதற்குப் பிறகு எழுதிப் பிரயோசனம் இல்லை. போனில் சொல்லாதே, கடதாசியில் உன் கைப்பட எழுது, நான் கண்ணாடியைப் போட்டு ஆறுதலாக நானே வாசிப்பேன், இந்தத் தரம் ஒருவரிடமும் குடுத்து வாசிப்பிக்க மாட்டேன். எல்லாக் கேள்வியையும் எழுதி முடித்தபிறகு, உன் கை எப்படிச் சுட்டது என்றும் எழுது. அதை நான் கிணற்றடியில் வைத்தே கேட்டிருக்க வேண்டும்.

உன் நெற்றியில் சிலுவை வரைந்து, மாதா உனக்குத் துணை நிற்க வேண்டும் என்று மன்றாடும்

உன் அப்பா
ம. சந்தியோகு